குப்பை என்று கூறிவிட்டோம்

அறியாததை அறியோம் என்று ஒப்புக்கொள்ள ஆசிரியர் நாணலாகாது. மாணவர்க்கு இதனைப் பலகாற் கூறிவந்த நாமே அதனைக் கைக்கொள்ளத் தவறிய நாளொன்று உண்டு.

2004ஆம் ஆண்டு. கல்லூரியில் நாம் பணியேற்ற புதிது. பரம்பரையலகின் செய்தியை ஆர்.என்.ஏ. தூதாகக் கொண்டுசெல்ல, அதன்படி புரதம் ஆக்கப்படுகிறது என்று உயர்தர வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தோம். மனிதனுடைய டி.என்.ஏ.யில் புரதத்துக்குக் குறிப்புத் தரும் பகுதி நூற்றுக்கு 2 பங்குதானும் இல்லை. எஞ்சியது குப்பை என்று பாடத்தை முடித்தோம்.

பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், குப்பையெண்டால் இவ்வளவு காலமும் அதை ஏன் காவித் திரியவேணும்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. "தம்பி, சோதனைக்கு வேண்டியதைப் படியும்" என்று கூறி அவனை இருத்திவிட்டோம். அதன்பின் அவன் எம்மிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

2024 ஒக்டோபரில், மருத்துவத்துக்கான நோபல் பரிசு பற்றிய செய்தியைப் படித்தபோது அவன் முகம் எம் நினைவில் எழுந்தது. பரிசு பெற்றோர் விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள். 1 மில்லிமீற்றர் நீளமுள்ள உருளைப்புழுவை ஆராய்ந்த அவர்கள், புரதம் எதனையும் ஆக்காத சிறியதோர் ஆர்.என்.ஏ. இழை, தூது ஆர்.என்.ஏ.யைப் பற்றி அடக்கிப் புழுவின் வளர்ச்சிப் பருவங்களை நெறிப்படுத்துவதைக் கண்டனர். இது வெளியான ஆண்டு 1993. நாம் குப்பை என்று கூறியபோது இக்கண்டுபிடிப்பு நடந்து 10 ஆண்டுகள் கடந்திருந்தன!

கருவில் மூளை உருவாகும் விதத்தைப் பாருங்கள். தோலின் கலத்திலும் நரம்புக்கலத்திலும் இருப்பவை ஒரே பரம்பரையலகுகளே. இளங்கலமொன்று நரம்புக்கலமாக மாறும்போது, மைக்ரோ ஆர்.என்.ஏ.-124 என்னும் சிற்றிழை அதில் பெருகுகின்றது. நரம்புக்கு வேண்டாத தூதுகள் பலவற்றை அடக்குகின்றது. 2005இல் ஆய்வாளர் இவ்விழையை மூளையைச் சேராத மனிதக் கலங்களிற் புகுத்தினர். நூற்றுக்கு மேற்பட்ட பரம்பரையலகுகளின் தூதுகள் குறைந்தன. அக்கலங்களின் போக்கு மூளைக்குரியதை நோக்கித் திரும்பியது. வேண்டாதவற்றை உரிய வேளையில் அடக்குவதாலுமே நரம்பு நரம்பாகின்றது.

புரதம் ஆக்காத பகுதி முழுவதும் பயனுடையது என்று இன்றும் எவரும் நிறுவவில்லை. ஆயினும் முழுவதையும் குப்பையென்று ஒதுக்கியது எமது தவறு. அதனினும் பெருந்தவறு, அடக்கத் தகாத ஒரு கேள்வியை அடக்கியது.

இப்போது இப்பாடம் வரும்போது அம்மாணவனின் கேள்வியையே முதலிற் கரும்பலகையில் எழுதுகிறோம். தெரிந்ததைச் சொல்கிறோம், தெரியாததைத் தெரியாது என்கிறோம். அவன் இன்று எங்குள்ளான் என்பதை அறியோம். இப்பக்கம் அவன் கண்ணிற் படுமாயின், தன் கேள்வி சரியானது என்பதை ஆசிரியர் ஒப்புக்கொண்டார் என அறிவானாக.