நான் வைத்த மேப் புள்ளி தண்ணீரில் இருந்தது!

போன வருடம் மே மாதம். 'கோடை விடுமுறைக்கு, கூட்டமே இல்லாத 5 கடற்கரைகள்' என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றார் எங்கள் டெஸ்க் சீனியர். சொன்னது மதியம் மூன்று மணிக்கு. ஆறு மணிக்குப் பக்கம் லைவ் ஆக வேண்டும். கடலூர்ப் பெண் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

நான்காவது இடமாக, பிச்சாவரம் காட்டுக்கு அந்தப் பக்கம் கழிமுகத்தை ஒட்டி இருக்கும் மணல் திட்டைச் சேர்த்தேன். 'ஆளே இல்லாத, காலடித் தடமே படாத கடற்கரை' என்று ஒரு வரி. கூடவே, மேப்பில் ஒரு புள்ளி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றுவரை நான் அங்கே போனதே இல்லை. கடலூர்ப் பிள்ளைகளுக்குக் கடற்கரை என்றால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்தான். மாங்காய் பத்தை, பட்டாணி சுண்டல், ராட்டினம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பிச்சாவரத்துக்குப் பள்ளிச் சுற்றுலாவில் போயிருக்கிறேன். துடுப்புப் படகில் காட்டுக்குள் ஒரு சுற்று, பிறகு எலுமிச்சை சாதம், பிறகு பஸ். அந்தக் காட்டுக்குப் பின்னால் கடல் இருக்கிறது என்றே அன்று யாரும் சொல்லவில்லை.

கட்டுரை வந்த அன்று ராத்திரி அம்மா போன் செய்தாள்.

"ஏன்டி, ஆளே இல்லாத எடம்னு போட்டுருக்க? நானும் அப்பாவும் கல்யாணமான புதுசுல அங்க போயிருக்கோம். அங்க ஊரு இருந்துச்சே!"

"எப்பம்மா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி. வரிசையா குடிசைங்க. கருவாடு காய வச்சிருந்தாங்க. தாகமா இருக்குன்னு ஒரு வீட்டுல கேட்டேன். அந்தம்மா சொம்புல தண்ணி குடுத்துட்டு, ஒரு முறம் காஞ்ச நெத்திலியையும் பேப்பர்ல கட்டிக் குடுத்தாங்க. காசு குடுத்தா வாங்கல."

'சரிம்மா, பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பார்க்கவில்லை. அந்தக் கட்டுரையை நிறைய பேர் படித்திருந்தார்கள்; எனக்கும் அடுத்தடுத்து வேலை வந்தது. ஆனால், அந்த நெத்திலி மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் பிப்ரவரியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு பஸ். அங்கிருந்து அண்ணாமலை நகர், கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துக்கு இன்னொரு பஸ். காலையிலேயே படகுத்துறைக்குப் போய்விட்டோம். கடற்கரை வரை போவதென்றால் மோட்டார் படகு வேண்டும். அனுமதியும் தண்ணீர் மட்டமும் ஒத்துவர வேண்டும். அன்று இரண்டும் ஒத்துவந்தன.

படகு ஓட்டிய அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அதிகம் பேசவில்லை. வாய்க்கால் குறுகும் இடங்களில் இன்ஜினைத் தணித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நின்றன. உள்ளே போகப் போக வெண்கண்டல், அதன் அடியில் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக எட்டிப்பார்க்கும் மூச்சு வேர்கள். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் பெற்ற காடு இது.

"அந்தா, அதான் தில்லை" என்று ஒரு மரத்தைக் காட்டினார். "கிட்ட போவாதீங்க, பால் கண்ணுல பட்டா எரியும்." சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர் கொடுத்த மரம். இப்போது அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஊரை விட்டு இவ்வளவு தூரம் உப்புத் தண்ணீருக்கு வர வேண்டியிருக்கிறது. அம்மா உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

காடு முடிந்ததும் தண்ணீர் அகலமாக விரிந்தது. எதிரே ஒரு வெள்ளைக் கோடாக மணல், அதற்குப் பின்னால் கடலின் இரைச்சல். வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் சேருகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த உப்பங்கழிக்கும் கடலுக்கும் இடையே அந்த மணல்தான் தடுப்பு. சின்னவாய்க்கால் பக்கத்தில் அது திறந்திருக்கும். அந்த வாய் வழியாகத்தான் கடல் உள்ளே வந்து போகிறது.

நான் போனை எடுத்து, என் கட்டுரையிலிருந்த மேப்பைத் திறந்தேன். நான் வைத்த சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. நாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி அதை நோக்கி நகர்ந்தது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தபோது நாங்கள் இன்னும் படகில்தான் இருந்தோம். அடியில் பச்சைத் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது.

"இங்கதான் பீச்சுன்னு போட்டுருக்கு அண்ணே..."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "அது எந்த வருசத்துப் படமோ! மண்ணு ஒரே எடத்துல நிக்குமா பாப்பா? ஐப்பசி, கார்த்திகைல வெள்ளம் வந்தா வாய் அகலமாப் பேத்துக்கும். கோடைல ஆத்துல தண்ணி இருக்காது. கடல் மண்ணக் கொண்டாந்து கொட்டி வாயத் தூத்துடும். அப்புறம் வேற பக்கமா ஒடைச்சுக்கும்."

பிறகு படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதையேதான் விஞ்ஞானமும் சொல்கிறது. நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதுவே திசை மாறித் தெற்கே தள்ளுகிறது. இப்படிக் கரையோரமாகப் போய்க்கொண்டே இருக்கும் மணலை, ஆற்று வெள்ளம் குறுக்கே வந்து வெட்டுகிறது. வெள்ளம் வலுத்தால் வாய் திறக்கும். அலை வலுத்தால் மூடும். வாய் மூடினால் மீனவர்களின் படகுகள் கடலுக்குப் போக முடியாது. இறால் குஞ்சுகள் உள்ளே வர முடியாது. கடல் தண்ணீர் ஏறி இறங்காமல் தேங்கினால் காடும் கருகத் தொடங்கும். 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து, மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளே கொண்டுபோய்த்தான் பட்டுப்போன இடங்களில் மரங்களை மீட்டார்கள். எனக்கு ஒரு 'பீச்'. காட்டுக்கும் அதை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் அது மூச்சுக்குழல்.

மணலில் இறங்கினோம். காலடித் தடம் இல்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? இறங்கிய உடனே ஒரு தடம். டிராக்டர் சக்கரம் ஏறிப்போனதுபோல, கடலிலிருந்து மேட்டுக்குப் போய், அரை வட்டம் அடித்துத் திரும்பக் கடலுக்கே இறங்கியிருந்தது.

"பங்குனி ஆமை. ராத்திரி வந்திருக்கு. முட்டை வுட்டுட்டுப் போயிருக்கு."

தான் பிறந்த கரைப் பக்கமே திரும்பி வந்து முட்டையிடும் ஆமை இது. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்குமாம். இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு கரையை மேப் இல்லாமல் அது கண்டுபிடித்துவிடுகிறது. நான் தடத்தைத் தாண்டி, தள்ளி நடந்தேன்.

அம்மா மட்டும் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி முள்செடிகளுக்கு நடுவே இடிந்த சுவர் ஒன்று தெரிந்தது. பக்கத்தில் சிமென்ட் தரையின் ஒரு துண்டு.

"இங்க ஊரு இருந்துச்சுல்ல?" என்று கேட்டாள்.

படகுக்கார அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்தார்.

"இருந்துச்சும்மா. எங்க ஊருதான்."

எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருந்த மீனவக் குடியிருப்புகள். 1975-ல் வெளிவந்த 'இதயக்கனி' படப்பிடிப்புக்காக எம்.ஜி.ஆர். பிச்சாவரம் வந்ததால்தான் திட்டுக்கு அந்தப் பெயர் என்பார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னால் கடல், பின்னால் கழி. ஓடுவதற்குத் திசையே இல்லாத இடம்.

"நான் மீன் ஏத்திக்கிட்டு அந்தாண்ட போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா வூடு நின்ன எடமே தெரியல. எங்கம்மா இங்கதான் இருந்தாங்க." அவ்வளவுதான் சொன்னார். நாங்களும் மேலே கேட்கவில்லை.

கடலூர் மாவட்டத்தில் மட்டும் அன்று 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனக்கு அப்போது நான்கு வயது. பாட்டியோடு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பாடு கொடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பந்திப் பாயில் வரிசையாக ஆட்கள் படுத்திருந்தார்கள். கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு, பொண்ணு எங்கே என்று கேட்டேனாம்.

மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரையும் அதைத்தான் சொன்னது. ஆனால், திட்டுகள் காட்டுக்கு முன்னால் இருந்தன. அவர்களுக்கு முன்னால் மணலைத் தவிர எதுவும் இல்லை. பிழைத்தவர்களை உள்பக்கத்துக்குக் குடியேற்றினார்கள். கடல் இன்றும் அவர்களுக்குத் தொழில். வீடு மட்டும் இங்கே இல்லை.

"டிசம்பர் 26-ம் தேதி வருசா வருசம் படகுல வந்து பூ போட்டு, பால் ஊத்திட்டுப் போவோம். இப்ப டூருக்கு வர்ற புள்ளைங்க 'சூப்பரா இருக்குண்ணே, ஆளே இல்ல'ன்னு சொல்லும். சந்தோசமா வந்திருக்குதுங்க, அதுங்ககிட்ட என்னத்த சொல்றது? ஆளில்லாத எடம் இல்ல பாப்பா. ஆளு இருந்த எடம்."

அந்த வரியை எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒரு வூட்டுல எனக்குத் தண்ணி குடுத்தாங்க. நெத்திலி குடுத்தாங்க. செவப்பா, நெத்தியில பெரிய பொட்டு வச்சிக்கிட்டு..."

"பேரு என்னம்மா?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. "கேக்கலியே..." என்றாள். இரண்டு தடவை அதையே சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். "எங்க ஊருல யாரு வூட்டுல கேட்டாலும் குடுத்திருப்பாங்கம்மா" என்றார்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் வடியத் தொடங்கியிருந்ததால் வாயில் இழுப்பு பலமாக இருந்தது. மணலைப் பார்த்தால் முழங்கால் ஆழம் போலத்தான் தெரியும். இறங்கினால் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எச்சரித்தார். இதையும் நான் எழுதியிருக்கவில்லை. என் புள்ளியை நம்பிப் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்திருந்தால்? அதை நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அலுவலகம் போனதும் முதல் வேலையாகப் பழைய கட்டுரையைத் திறந்தேன். மேப் புள்ளியை எடுத்துவிட்டேன். 'மணலும் முகத்துவாரமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அனுமதி பெற்ற படகில், உள்ளூர்ப் படகோட்டி காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள், முகத்துவாரத்தில் குளிக்காதீர்கள், ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடும் காலம், தடம் கண்டால் விலகி நடங்கள்' என்று சேர்த்தேன். 'ஆளே இல்லாத' வரியை நீக்கிவிட்டு, 2004 வரை அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்று எழுதினேன். சீனியர் பார்த்தார். "லிஸ்ட்டுக்கு இது கொஞ்சம் கனமா இருக்கேம்மா" என்றார். பிறகு, "இருக்கட்டும்" என்றார்.

படகிலிருந்து இறங்கும்போது நான் அந்த அண்ணனின் பெயரைக் கேட்டேன். சொன்னார். பத்திரிகையில் போட வேண்டாம் என்றும் சொன்னார். அதனால் இங்கே போடவில்லை. அம்மா மட்டும் அந்தப் பெயரை வீட்டு காலண்டரில் டிசம்பர் 26-க்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவர்கள் கிளம்பும் படகில் தனக்கும் இடம் கிடைக்குமா என்று அவரிடம் கேட்க வேண்டுமாம்.