உமட்டியர் வண்டி

பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டி ஒன்று வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதை அவசரமில்லாமல், ஒவ்வோர் உறுப்பாகக் காட்டிக்கொண்டு போகிறார். முழவு போன்ற சக்கரம், ஆரைப்புல் வேய்ந்த கூரை, கோழி அடையும் கூடு, கயிற்றில் கட்டித் தொங்கும் காடிப் பானை, கைப்பிள்ளையோடு எருதுகளை ஓட்டிச் செல்லும் பெண். உப்பு விற்கப் போகிறவர்கள் வீட்டையே கூட்டிக்கொண்டு போகிறார்கள். சிறுபாணாற்றுப்படையிலோ உமணர் வண்டிகளோடு வந்த குரங்கு, கிளிஞ்சலுக்குள் முத்தை அடைத்து, உமட்டியர் பெற்ற பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. இது கொற்கையைச் சொல்ல வருமிடம். அந்தக் கொற்கை இன்று எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் கடலை விட்டு உள்ளே தள்ளிப்போன ஒரு சிற்றூர். புறநானூற்றில் ஔவை, மேடும் பள்ளமும் எப்படியிருக்குமோ என்று அஞ்சி உமணர் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறாள்.

இவற்றையெல்லாம் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். ஆனால் சொந்தமாக ஒரு வீட்டு வண்டி வாங்கிய 2023ஆம் ஆண்டில்தான் இந்த வரிகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது. கோழிக்குக் கூடு சொன்ன புலவர்கள், காடிக்குப் பானை சொன்ன புலவர்கள், அந்த உமட்டியர் வழியில் எங்கே ஒதுங்கினார்கள் என்று ஏன் சொல்லவில்லை?

வண்டி வாங்கியதே அந்தக் கேள்வியால்தான். அம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. சர்க்கரை நோய், முழங்கால் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து போக வேண்டும், கீழே குந்தி உட்கார முடியாது. உடன்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை போய்வருவாள். அதற்கு அப்பால் ஐந்து ஆண்டுகளாக எங்கும் வந்ததில்லை. கல்யாண வீடுகளுக்கு மொய் மட்டும் போகும். தவிர்க்க முடியாத பயணம் என்றால் முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். இது அம்மாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கல்லூரிச் சுற்றுலாக்களில் இருபது வயதுப் பெண்கள் தண்ணீர்ப் புட்டியைத் திறக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டு வருவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பேருந்து நிலையக் கழிப்பறைகளும் நெடுஞ்சாலை உணவகங்களின் பின்கட்டுகளும் தமிழ்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒழுக்கம் இது.

என் கணவர் சவுதியில் இருபது ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். அவருடைய சேமிப்பில் ஒரு பகுதியையும் என்னுடையதையும் சேர்த்து ஒரு வேனை வாங்கினோம். அது படுக்கை, அடுப்படி, கழிப்பறையோடு கட்டப்பட்டது. சாதாரண வேனை வாங்கிப் பிறகு நம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள முடியாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்சநீதிமன்றமும் 2019இல் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. இத்தகைய வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று ஒரு தரநெறி உண்டு. அதன்படி கட்டித் தருகிறவர்களிடம்தான் போக வேண்டும். தொகையைச் சொன்னால் ஊரில் ஒரு நல்ல வீடு வாங்கியிருக்கலாமே என்பார்கள். சொன்னார்கள்.

தமிழர்களுக்குக் கேரவன் என்றால் நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி. அரசியல் நினைவுள்ளவர்களுக்கு என்.டி. ராமாராவின் சைதன்ய ரதம் நினைவுக்கு வரலாம். 1982இல் ஒரு பழைய செவர்லே வேனை மாற்றியமைத்து, அதிலேயே உண்டு உறங்கி ஆந்திரம் முழுவதும் சுற்றி வந்தார் அவர். கேரளம் 2021இல் இதைச் சுற்றுலாத் திட்டமாகவே அறிவித்தது. இவற்றில் எதுவும் எங்கள் தெருவுக்குத் தெரியாது. அந்த அக்டோபரில் குலசேகரன்பட்டினம் தசரா சமயத்தில் வண்டியைச் சாலையோரம் நிறுத்தியிருந்தோம். தசராக் குழுக்கள் சின்னத்திரைக்காரர்களை அழைத்து வருவது இங்கே வழக்கம். காளி வேடமும் குறத்தி வேடமும் போட்ட பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு, "உள்ள யாரு இருக்கா, யாரு இருக்கா" என்று கண்ணாடியைத் தட்டினார்கள். கதவு திறந்து அம்மா மெல்ல இறங்கியபோது அவர்கள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

முதல் ஆண்டில் கற்றுக்கொண்டவை பெரும்பாலும் சிறிய விஷயங்கள். பகலில் வெயிலில் நின்ற வண்டி இரவு பத்து மணிவரை அடுப்பாகவே இருக்கும். கூரையில் உள்ள சூரியத் தகடு விளக்குக்கும் மின்விசிறிக்கும் போதும், குளிர்சாதனத்துக்குப் போதாது. அதற்கு யாரிடமாவது மின்இணைப்புக் கேட்க வேண்டும். ரயில் பாதைக்கு அடியில் போகும் சாலைகளில் உயரப் பலகையைப் படிக்காமல் நுழையக் கூடாது. கிராமத் தெருக்களில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மணப்பாட்டுக் கடற்கரையில் ஓர் இரவு நிறுத்தினால் மறுநாள் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் உப்புக்காற்று இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். இரவில் தங்குவதற்கு மிகவும் பாதுகாப்பான இடம் பெட்ரோல் பங்க், அடுத்தது கல்யாண மண்டபம். இவ்வளவுதான்.

அம்மா முதலில் போகவேண்டும் என்று கேட்ட இடம் கோவிலோ மலையோ அல்ல. இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம்.

உடன்குடி என்றால் கருப்பட்டி. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தக் கருப்பட்டிக்குப் பின்னால் உள்ள இடப்பெயர்வை ஊருக்கு வெளியே அறிந்தவர் குறைவு. பனை இருக்கும் இடத்துக்குத்தான் பனையேறி போக வேண்டும். சொந்தப் பனை இல்லாத குடும்பங்கள் பங்குனி வாக்கில் சட்டி பானையோடும் குழந்தைகளோடும் இராமநாதபுரத்துப் பனங்காடுகளுக்குக் கிளம்பிவிடும். அங்கே ஓலையால் ஒரு குடிசை கட்டுவார்கள். அதற்கு விடிலி என்று பெயர். ஒரு பக்கம் பதநீர் காய்ச்சும் அடுப்பு, மறுபக்கம் படுக்கை. ஆடி கழிந்ததும் விடிலியை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அடுத்த ஆண்டு வேறு காடு, வேறு விடிலி. என் தாத்தா பனையேறி. அம்மா தன் பதினெட்டு வயதுவரை ஆண்டில் பாதியை விடிலியில்தான் கழித்திருக்கிறாள். அவளுடைய தம்பி ஒருவர் விடிலியில் பிறந்தவர்.

சாயல்குடிக்கு அருகே ஒரு பனங்காட்டோரம் நிறுத்தினோம். அம்மா தேடிய காடு இல்லை. கருவேலம் மண்டிக் கிடந்தது, இடையிடையே தலை காய்ந்த பனைகள். அம்மா அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. வண்டியின் உட்புறத்தை ஒரு முறை பார்த்தாள். கைநீட்டினால் எட்டும் அடுப்பு, அடுப்புக்கு இரண்டடியில் படுக்கை. "ஏட்டி, இது சக்கரம் வச்ச விடிலில்லா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த நாட்களில் பெண்கள் விடியுமுன் ஒன்று, இருட்டிய பின் ஒன்று, இரண்டே வேளைதான் ஒதுங்க முடியும் என்று சொன்னாள். பகல் முழுதும் அடுப்படியில் தீயோடு நின்றும், காய்ச்சும் பதநீரில் ஒரு வாய் குடிக்கமாட்டார்களாம். எண்பது பனை பதநீரைக் காய்ச்சியவர்கள் தாகத்தோடு நின்றிருக்கிறார்கள். எனக்கு இதை அம்மா ஐம்பது ஆண்டுகளாகச் சொன்னதில்லை. வண்டியில் ஒரு கழிப்பறை வந்த பிறகுதான் சொன்னாள்.

இனி அந்தக் கழிப்பறையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறது. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைப்பது இடக்கரடக்கல். 'கால் கழுவி வருகிறேன்' என்பது எல்லோரும் தேர்வில் எழுதும் எடுத்துக்காட்டு. சொல்லை அடக்கிவிடலாம். பொருளை என்ன செய்வது? எங்கள் வண்டியில் இருக்கையின் அடியில் இருபது லிட்டர் கொள்ளும் ஒரு பெட்டி இருக்கிறது. மூவர் பயணத்தில் இரண்டு நாளில் அது நிறைந்துவிடும். வெளியிலிருந்து ஒரு சிறு கதவைத் திறந்து இழுத்தெடுத்து, கைப்பிடியைப் பற்றித் தூக்கிக்கொண்டு போய், ஏதேனும் ஒரு நல்ல கழிப்பறையில் கொட்டிக் கழுவ வேண்டும். மேலை நாடுகளில் வண்டிகள் வந்து கொட்டுவதற்கென்றே நிலையங்கள் உண்டு. இங்கே நாங்கள் போன வழிகளில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

தஞ்சாவூருக்குப் போயிருந்தபோது ஒரு மண்டபத்தில் நிறுத்த இடம் தந்தார்கள். கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளவும் இசைந்தார்கள். நான் பெட்டியை வெளியே எடுத்ததும் மேற்பார்வையாளர் பதறிவிட்டார். "நீங்க வைங்க மேடம். ஒரு ஆள் இருக்கான், வரச் சொல்றேன். நூறு ரூவா குடுத்தாப் போதும்" என்றார். நல்ல எண்ணத்தோடு சொன்னார், அதில் ஐயமில்லை. எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதுதான் இந்த நாட்டின் துயரம். மலத்தை மனிதர் சுமப்பதை 1993இல் ஒரு சட்டமும் 2013இல் அதைவிடக் கடுமையான ஒரு சட்டமும் தடை செய்திருக்கின்றன. ஆனாலும் ஒரு பெட்டி நிறைந்தவுடன் ஓர் ஆளின் முகம் எல்லோர் மனத்திலும் தானாக எழுகிறது. "எங்கம்மாவோடதுதான். நானே கொண்டுபோறேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கினேன். கனமாக இருந்தது. அவர் வழி விட்டு, சுவரோடு ஒட்டி நின்றார்.

அன்று மாலை அம்மா சாப்பிடவில்லை. இரவில்தான் பேசினாள். தன்னுடையதை மகள் சுமப்பதைத் தாங்க முடியவில்லை என்றாள். மருமகன் தொடவே கூடாது என்றாள். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றாள். மறுநாள் காலை மீண்டும் தண்ணீரைக் குறைத்திருந்ததைக் கவனித்தேன். எதைத் தீர்ப்பதற்காக வண்டி வாங்கினோமோ அதே இடத்துக்குச் சுற்றி வந்து நின்றோம். நான் குழந்தையாக இருந்தபோது நீ செய்யவில்லையா என்றெல்லாம் கேட்டுப் பார்த்தேன். "அது வேற, இது வேற" என்றாள். அவள் சொன்னது சரிதான். பிள்ளையினுடையது அழுக்காகத் தோன்றுவதில்லை, பெரியவர்களுடையது அவமானமாகிவிடுகிறது. தர்க்கத்தால் அதைக் கரைக்க முடியவில்லை. பெரிய கோவிலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினோம். பிறகு இரண்டு மாதம் வண்டி வாசலிலேயே நின்றது.

டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை பெய்தது. மழை என்ற சொல் போதாது. எங்களுக்குப் பக்கத்தில் உள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி இருகரையும் மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு வண்டி தண்ணீருக்கு நடுவே நின்றுவிட, நூற்றுக்கணக்கானோர் இரண்டு நாள் ரயிலையும் நிலையத்தையுமே வீடாக்கிக்கொண்டு கிடந்தார்கள். ஆற்றின் தென்கரையில் ஒரு சிற்றூரில் என் நாத்தனார் இருக்கிறார். சாலை திறந்த அன்றே அரிசி, மெழுகுவத்தி, குடிநீர் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அம்மாவும் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை.

தெருவில் தண்ணீர் வடிந்து சேறு முழங்கால் அளவு நின்றது. அரிசி ஏற்கெனவே வேறு வண்டிகளில் வந்திருந்தது. வராதது ஒன்றுதான். மலக்குழிகள் நிரம்பிக் கழிப்பறைகள் எதிர்த்துக்கொண்டிருந்தன. வயல் முழுதும் தண்ணீர், ஒதுங்க இடமில்லை. நாத்தனார் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டதைக் கேட்டதும் அம்மா எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். அந்த ஆறு நாட்களில் அத்தெருவின் பெண்கள் அனைவரும் அந்த வண்டியில் ஏறி இறங்கினார்கள். ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் இருந்தாள். அம்மா படியருகே நாற்காலி போட்டு அமர்ந்து, வருகிறவர்களை முறை வைத்து அனுப்பினாள். ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு, "முதல்ல குடி, குடிச்சிட்டுப் போ" என்று ஒவ்வொருத்தியையும் வற்புறுத்தினாள்.

பெட்டி நாளுக்கு மூன்று முறை நிறைந்தது. மேட்டுநிலத்தில் உள்ள பள்ளியின் கழிப்பறை மட்டும் வேலை செய்தது, அங்கே கொண்டுபோக வேண்டும். முதல் நாள் நான் தூக்கினேன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கைப்பிடியின் மறுபக்கத்தைப் பற்றிக்கொண்டாள். மூன்றாம் நாள் அவர்களே முறை போட்டுக்கொண்டார்கள். என் கணவர் ஒரு முறை கை கொடுத்தபோது அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருடையதும் ஒன்றாகக் கலந்துவிட்ட பிறகு யாருடையதை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லாமல் போனது. வெள்ளம் அந்த ஊரில் எதையெல்லாமோ அடித்துக்கொண்டு போனது. இதையும் நிரந்தரமாகக் கொண்டுபோய்விட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆறு நாள் இல்லாமல் இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

சங்கப் புலவர்கள்மேல் எனக்கு இப்போது குறையில்லை. உமட்டியர் பேசியிருந்தால் அவர்கள் எழுதியிருப்பார்கள். பேசாமல் இருந்ததற்கு அந்தப் பெண்களுக்கும் என் அம்மாவுக்கு இருந்த காரணங்களே இருந்திருக்கும். வண்டி வாங்கியதில் லாபமா நட்டமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் கணக்குச் சொல்வதில்லை. டீசலும் காப்பீடும் தவணையும் கூட்டினால் விடுதியில் தங்குவதே மலிவு. அம்மா வேதாரண்யத்து உப்பளங்களைப் பார்த்தாள், இராமேசுவரம் போனாள், இரண்டு பேத்திகளின் கல்யாணத்தில் முதல் வரிசையில் அமர்ந்தாள். இப்போதெல்லாம் பயணத்துக்கு முந்தின இரவு அவள் படுக்கையருகே சொம்பு நிறையத் தண்ணீர் இருக்கிறது. காலையில் அது காலியாக இருக்கிறது.