ஓடும் எழுத்துகள்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் மொழி. பங்குச் சந்தையில் பணம் போடுவோருக்கும் இது பொருந்தும். அளப்பதற்கு முன் அளவுகோலைப் படிக்கத் தெரிய வேண்டுமல்லவா? தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் விலை வரியே அந்த அளவுகோல். அதனை 'டிக்கர்' என்பர்.

1867-ஆம் ஆண்டில் எட்வர்ட் காலஹன் என்பவர், தந்தி வழியே வரும் பங்கு விலைகளைக் காகித நாடாவில் அச்சிடும் பொறியை நியூயார்க்கில் அமைத்தார். 'டிக், டிக்' என்று அது எழுப்பிய ஒலியால் இப்பெயர் வந்தது. பின்னர் எடிசன் அதனைச் செம்மைப்படுத்தினார். இன்று காகிதம் போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வரியில் முதலில் வருவது நிறுவனத்தின் சுருக்கப் பெயர். சேலம் உருக்காலையை நடத்தும் இந்திய உருக்கு ஆணையம் 'செயில்' என்று ஓடும். அடுத்தது, பங்கு கடைசியாகக் கைமாறிய விலை. அதன்பின், முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து ஏறியதா, இறங்கியதா என்பது. பச்சை ஏற்றம், சிவப்பு இறக்கம். 100 ரூபாய்ப் பங்கு 5 ரூபாய் ஏறினால் அது 5 விழுக்காடு. 1,000 ரூபாய்ப் பங்கு 10 ரூபாய் ஏறினாலும் 1 விழுக்காடுதான். ஆகவே விழுக்காட்டையே பார்க்க வேண்டும் என்று எங்கள் கணித ஆசிரியை விளக்கினார்.

சென்ற தை மாதம் காப்பி விற்ற பணத்தை அக்காவின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று அப்பா ஒதுக்கி வைத்திருந்தார். சேலத்திலிருந்து வந்த சித்தப்பா ஒரு பங்கைக் காட்டி, "ஒரு வாரமாகப் பச்சையிலேயே ஓடுகிறது அண்ணா. மொத்தப் பணத்தையும் இதில் போடுங்கள்" என்றார். அப்பாவுக்கும் ஆசை பிறந்தது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா, "ஜூன் மாதம் என்ன விலை இருக்கும் என்று அந்த வரியில் வருமா, தம்பி?" என்று கேட்டார். சித்தப்பா வாய் திறக்கவில்லை.

டிக்கர் நடந்ததைச் சொல்லும், நடக்கப்போவதைச் சொல்லாது. விலையைக் காட்டும், நிறுவனத்தின் இலாபத்தையும் கடனையும் காட்டாது. காப்பி பயிரிடும் எங்களுக்கு இது புதிதன்று. பிரேசில் நாட்டில் உறைபனி விழுந்தால் நியூயார்க் சந்தையில் காப்பி விலை ஏறும். அதையொட்டி ஏற்காட்டிலும் ஏறும். விலையை மட்டும் பார்ப்பவருக்கு உறைபனி தெரியாது.

கட்டணப் பணம் அஞ்சலகத்தில் சேர்ந்தது. மீதமிருந்த சிறு தொகைக்கு, நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்த பின் பங்கு வாங்கலாம் என்று அப்பா முடிவு செய்தார். சித்தப்பாவும் அதற்கு இசைந்தார்.

அன்புத் தோழியரே! நாளை நாமும் சம்பாதிப்போம், சேமிப்போம். ஓடும் எழுத்துகளைப் படிக்க இன்றே கற்போம். அவை ஓடுகின்றன என்பதற்காக நாமும் உடன் ஓட வேண்டுவதில்லை.

– பத்தாம் வகுப்பு மாணவி