ஆச்சியின் கடிதம்

இங்கிலாந்தின் அரசு ஆரம்பப் பள்ளிகளில் ஐந்து, ஆறு வயதிலேயே 'அல்காரிதம்' என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். 2014இல் வந்த பாடத்திட்டம். அதை வைத்தே பிழைக்கும் நான் அந்தச் சொல்லைக் கேட்டது கல்லூரியில். நான்காம் வகுப்பில் வாய்ப்பாட்டுத் தேர்வு: 25 கேள்விகள், ஒன்றுக்கு 6 வினாடி, பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை. நாங்கள் பதினாறு வரை ஒப்பித்தோம் என்று பெருமையடித்தால், "ஆறு செகண்ட்லயாப்பா?" என்கிறாள் மகள்.

என்னை உறுத்துவது முதல் வகுப்பின் ஒலிப்புத் தேர்வு. 40 சொற்கள், பாதி எந்த அகராதியிலும் இல்லாதவை. அவற்றின் பக்கத்தில் வேற்றுக்கிரகப் பிராணி ஒன்றின் படம் இருக்கும். எழுத்துக்கூட்டி ஒலிக்கத் தெரிந்தால் போதும், பொருள் வேண்டாம். மகள் ஒன்றையும் தவறவிடவில்லை.

திருநெல்வேலியிலிருந்து அம்மா எழுதும் கடிதத்தையும் இப்போது அப்படித்தான் வாசிக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் புண்ணியத்தில் ல, ள, ழ மூன்றும் சுத்தம். போன மாதக் கடிதத்தில், 'பிள்ளையைத் தேடுது' என்று எழுதியிருந்தாள் அம்மா. தடங்கலின்றி வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஆச்சி எதைத் தொலைச்சாங்க?"

மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு வேற்றுமொழி கட்டாயம். நவீன மொழியோ பழைய மொழியோ, எதையும் பள்ளி தேர்ந்தெடுக்கலாம். தமிழ் இரண்டு கணக்கிலும் வரும். மகளின் பள்ளியில் பிரெஞ்சு. அந்த வீட்டுப்பாடத்தில் மட்டும் சொல்லுக்குப் பக்கத்தில் பொருளையும் எழுதச் சொல்கிறார்கள்.