மின்காரும் வழிமடமும்

நெடுந்தூரம் செல்ல விரும்புவோன் நல்ல வண்டியைத் தேடுகிறான். வழியில் தங்குமிடம் உண்டா என்று கேட்பதில்லை. நானும் அவ்வாறிருந்தவனே. அது பிழையென்பதை 2022ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குச் சென்ற ஒரு பயணம் எனக்குக் கற்பித்தது. நம் கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என்று அன்பர்கள் கேட்டபோது, அப்பயணமே நினைவில் முந்தி நின்றது.

அக்காலத்தை எவரும் மறந்திரார். யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி மற்றையோருக்குப் பெற்றோல் வழங்குவது நிறுத்தப்பட்டது. வீடுதோறும் வண்டிகள் முடங்கிக் கிடந்தன. அந்நாளிலேதான் என் அன்னையாரின் கண் சத்திர சிகிச்சைக்குக் கொழும்பில் நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு கண் முன்னரே ஒளியிழந்துவிட்டது; மற்றதையேனும் காத்தல் வேண்டும். ரயிலிலும் பஸ்ஸிலும் நெரிசல் சொல்லுந்தரமன்று. எண்பதை எட்டிய மூதாட்டியை அக்கூட்டத்தில் ஏற்ற எனக்குத் துணிவு வரவில்லை.

என்னிடமிருந்தது பழைய மின்கார் ஒன்று. கல்லடிப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் வேலைக்குப் போய்வர வாங்கியது. புதிதாயிருந்த காலத்தில் அதன் மின்கலம் 24 கிலோவாற் மணி கொள்ளும். நம் நாட்டு வெப்பத்திலும் வயதிலும் அதன் கொள்ளளவிற் காற்பங்கு குறைந்துவிட்டது. முற்றும் நிரப்பினால் 100 கிலோமீற்றர் ஓடும். கொழும்போ 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. வீட்டுச் செருகியில் மணிக்கு இரண்டு அலகுதான் ஏறுமாதலின், ஒருமுறை நிரப்ப ஓரிரவு வேண்டும். ஆயினும் மூன்று நாள் முன்னதாகவே, விடியுமுன் புறப்பட்டோம்.

வாழைச்சேனையையும் ஓட்டமாவடியையும் கடந்து மேற்கே திரும்பினோம். அது கச்சான் வீசும் பருவம். வெப்பக்காற்று நேர் எதிரே மோதியது. விரைவு கூடக் கூடக் காற்றின் தடை அதன் வர்க்கத்துக்கேற்பப் பெருகும் என்பது பௌதிக வகுப்பிற் படித்ததே; எதிர்க்காற்றும் அவ்விரைவோடு சேர்ந்துகொள்ளும். படித்ததை மறந்து 70இல் ஓட்டினேன். வெலிக்கந்தையை அணுகுமுன்பே மின்கல முள் பாதிக்குக் கீழே வீழ்ந்துவிட்டது.

குளிரூட்டியை நிறுத்தினேன். பின்னிருக்கையில் அன்னையார் ஓலை விசிறியை எடுத்து வீசிக்கொண்டே, “மகன், கச்சானுக்கு எதிரா தோணி வலிக்கிறவன் அவசரப்படுவானா? மெல்லப் போ” என்றார். வாவிக்கரையில் வாழ்ந்தவருக்குப் பௌதிக நூல் வேண்டியிருக்கவில்லை. அதன்பின் 45க்கு மேல் ஓட்டவில்லை. மன்னம்பிட்டியை அடைந்தபோது பத்திலொரு பங்கே எஞ்சியிருந்தது.

அங்கே வீதியோரத்தில் ஒரு தேநீர்க்கடை. அதை நடத்தியவர் ஒரு சிங்கள அம்மையார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்க எவருக்கும் நாணமில்லை. மின்சாரம் கேட்க என் நா எழவில்லை. நான் தயங்கி நிற்க, அன்னையாரே இறங்கிச் சென்று, தமக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொற்களாற் கேட்டுவிட்டார். அப்போது மின்வெட்டு நேரம். மின்சாரம் வரும்வரை இருக்கலாம் என்று கூறி, அவ்வம்மையார் உள்ளே பாய் விரித்து அன்னையாரைப் படுக்கவைத்தார். நண்பகலின் முன் மின்சாரம் வந்தது. ஏழு மணி நேரம் அங்கேயே தங்கினோம். மின்மானியைப் பார்த்து, ஓடிய அலகுகளுக்குப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பகலுணவுக்கு மட்டும் வாங்க மறுத்துவிட்டார்.

மின்னேரியாவுக்கும் ஹபறணைக்குமிடையே யானைகள் வீதியைக் கடக்கும் காட்டுவழியை இருட்டில், மெல்ல ஊர்ந்து கடந்தோம். தம்புள்ளையில் ஒரு விடுதியில் இரவைக் கழித்தோம்; மறுநாள் குருநாகலில் மீண்டும் மின்னேற்றிக்கொண்டோம். பஸ் ஒரு பகலிற் கடக்கும் வழியை இரண்டு நாளிற் கடந்து கொழும்பை அடைந்தோம். சிகிச்சையும் இனிது நிறைவேறிற்று. அன்னையார் இன்றும் அக்கண்ணால் வாவியைப் பார்த்து மகிழ்கிறார்.

மின்கார் புதுமையன்று. மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டிய முதல் மோட்டார் வண்டி, 1899இல் மின்சாரத்தால் ஓடியதே. பின்னர் ஊர்தோறும் பெற்றோல் நிலையங்கள் எழுந்தன; மின்னேற்றத்துக்கு இடங்கள் எழவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபின், 300, 400 கிலோமீற்றர் ஓடும் மின்கார்கள் வருகின்றன. அவற்றுக்கும் எங்கேனும் ஓரிடத்தில் தரித்தல் வேண்டும். அவற்றை வாங்க இயலாதோர் கையிற் பழைய வண்டிகளே இருக்கும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் சென்றோருக்கு வழியெங்கும் மடங்கள் இருந்தன. தண்ணீர்ப் பந்தல்கள் இருந்தன. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிகளும் நாட்டினர். நடப்பவனின் கால் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை எண்ணியே அவை அமைக்கப்பட்டன.

பழைய மாணவர் பலர் இந்நெடுவழியின் இருமருங்கிலும் வீடும் கடையும் ஆலையும் உடையவர்களாயிருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நிலத்தொடுப்புச் சரியாயமைந்த உறுதியான செருகியொன்றை வாயிலருகே பொருத்தி, “இங்கு மின்னேற்றலாம்” என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை தொங்கவிடுங்கள். ஓடிய அலகுக்குரிய பணத்தைத் தவறாது பெற்றுக்கொள்ளுங்கள். அது தானமாயிருக்க வேண்டியதில்லை. நோயாளியோடு வருபவன் கேட்க நாணாதிருந்தாற் போதும். என் வாயிலில் அப்பலகை தொங்கத் தொடங்கி ஓராண்டாயிற்று. இதுவரை நால்வர் வந்துபோயினர். அவர்களுக்குப் பாய் விரிப்பவர் என் அன்னையாரே.