மருதனார்மடத்தில் மூன்று நாள்

யாழ்ப்பாணத்தில் மடம் என்று முடியும் ஊர்ப் பெயர்கள் பல. கந்தர்மடம், ஓட்டுமடம், மருதனார்மடம். வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டிய மடங்கள் பல மறைந்துபோன பின்பும் பெயர்கள் நிலைத்துவிட்டன. மடத்தோடு ஒரு கிணறோ கேணியோ இருக்கும். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கி, மாடுகள் உடம்பு தேய்க்க ஓர் ஆவுரோஞ்சிக்கல். பிள்ளைவயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது அந்தக்கால வழக்கம். பருத்தித்துறையில் தெருவையே கூரையாக மூடி நிற்கும் தெருமூடிமடத்தை இன்றும் பார்க்கலாம். இந்த மடத்துத் திண்ணைகளில் எல்லாச் சாதியாரும் ஏறி உட்கார முடிந்ததில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2012ஆம் ஆண்டு, வாப்பாவின் காணி அலுவலாகப் புத்தளத்திலிருந்து போனபோது மருதனார்மடத்தில் தங்கினேன். சோனகதெருவில் எங்கள் வீடிருந்த இடத்தில் கூரையில்லாத இரண்டு சுவர்களும் ஓர் ஆலங்கன்றும்தான் நின்றன. நண்பர் ஒருவர்தான் மருதனார்மடத்தில் அறை ஒழுங்கு செய்து தந்தார். சோனகதெருவிலிருந்து பத்துக் கிலோமீற்றரும் இல்லை. காங்கேசன்துறை வீதியில் இணுவிலைத் தாண்டினால், சுன்னாகத்துக்கு முன்னால் வருகிறது. பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரி அங்கேதான். சந்தையில் விடியவே வாழைக்குலையும் வெங்காயமும் வந்து குவியும். சுற்றிலும் செம்மண் தோட்டம். வடக்கே கடலோரம் கீரிமலை இருக்கிறது. பெயரில் மட்டும்தான் மலை.

வீட்டுக்காரம்மா எழுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் கனடாவில். வெறுமையாய்க் கிடந்த இரண்டு அறைகளை வந்துபோகிறவர்களுக்குக் கொடுத்திருந்தார். "சைவச் சாப்பாடுதான் தம்பி. யோசிக்காமல் சாப்பிடலாம்" என்று புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். ளுஹருக்கு நேரமாகிவிட்டது, மேற்கு எது என்று கேட்டேன். விறாந்தையின் ஒரு மூலையைக் காட்டினார்.

"முந்தி ஒரு நானா சைக்கிளில பிடவைப் பொட்டளி கட்டிக்கொண்டு வருவார். அந்தத் தூணடியில நிண்டுதான் தொழுகிறவர். தொண்ணூறோட வரேல்லை."

பிறகு கேட்டார்: "தம்பி எத்தினை நாள் நிப்பியள்?"

மூன்று நாள் என்றேன். சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது. விருந்தாளியின் உரிமை மூன்று நாள், அதற்கு மேல் தர்மம் என்கிறது நபிமொழி. நான்கு நாளுக்குக் குறைவாகத் தங்க நினைக்கும் முஸாபிர், நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம் என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். சொந்த ஊரில் கால் வைத்துவிட்டால் அந்தச் சலுகை முடிந்துவிடும். அப்படியானால் நான் இங்கே யார்? ஊரைவிட்டு வேறிடத்தில் குடியேறியவனுக்கு ஆலிம்களிடம் பதில் உண்டு. நாங்கள் விரும்பிக் குடியேறியவர்கள் இல்லையே. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி காலை ஒலிபெருக்கியில் அழைத்து, ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியாலத்தில் போகச் சொன்னார்கள். சொன்னவர்களின் கையில் துவக்கு இருந்தது. வடக்கு முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள்.

சுருக்காமல் நான்கு ரக்அத்தும் தொழுதேன். முழுமையாகத் தொழுவது முஸாபிருக்கும் கூடும்; ஆகவே சட்டத்திலும் குற்றமில்லை.

அந்த மூன்று நாளும் குறையொன்றுமில்லை. சஹருக்கு எழும்புகிறவர்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நோன்பு மாதமில்லாவிட்டாலும் விடிய நாலரைக்கே தேநீர் வந்தது. ஆனாலும் படுக்கையில் புரண்டபடி ஒன்றை நினைத்துக்கொண்டேன். உபசரிப்பு விருந்தாளிக்குரியது. அயலவனுக்கு வேண்டியது கிணற்றில் பங்கு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஓரிடம், செத்தவீட்டுக்குச் சொல்லி அனுப்ப ஒரு விலாசம். வேலிச் சண்டை பிடிக்கக்கூட ஓர் எல்லை வேண்டும்.

புறப்படும்போது அம்மா படலைவரை வந்தார்.

"தம்பி, அந்த நானாவைப் புத்தளத்தில கண்டால் சொல்லுங்கோ. ரெண்டு சீலைக்காசு நான் இன்னும் குடுக்கேல்லை. மாதாமாதம் வாங்கிறவர்."

பெயர் தெரியாது அவருக்கு. நானா என்றே கூப்பிட்டிருக்கிறார்.

புத்தளத்தில் தேடினேன். பிடவை விற்ற பலரிடம் கேட்டேன். ஆள் அகப்படவில்லை. ஆனால், கேட்ட இடமெல்லாம் முதியவர்கள் தங்கள் கடன்காரரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். உடுவிலில் ஒரு வாத்தியார் வீடு, ஏழாலையில் கிணற்றடியில் பலாமரம் நின்ற வீடு, இணுவிலில் தங்கச்சியின் கலியாணத்துக்குச் சீலை எடுத்தவர். எவ்வளவு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எந்த ஒழுங்கையால் போய், எத்தனையாவது படலை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.