மிதிவண்டி கற்பித்த பாடம்

இன்றைய பதிவு மலை மிதிவண்டியைப் பற்றியது. ஆனால் சுற்றி வளைந்து இறுதியில் நம் வகுப்பறைக்கே வந்து சேரும். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

நாற்பது வயதைக் கடந்ததும், இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டதாக மருத்துவர் எச்சரித்தார். அதன் பிறகே யாரோ பயன்படுத்திய மலை மிதிவண்டிகள் இரண்டை வாங்கினேன். ஒன்று எனக்கு, மற்றொன்று இரண்டாம் படிவத்தில் பயிலும் என் மகனுக்கு. எங்கள் குடியிருப்பின் பின்புறம் செம்பனைத் தோட்டம். குலை ஏற்றும் லோரிகள் செல்லும் செம்மண் பாதையில் ஞாயிறுதோறும் காலையில் இருவரும் பத்து கிலோமீட்டர் மிதிப்போம். பாதை முழுவதும் அவன் பேசிக்கொண்டே வருவான். வீட்டில் பேசாத செய்திகளையெல்லாம் அங்கேதான் கேட்டிருக்கிறேன்.

எங்களுடன் சில வேளைகளில் வரும் நண்பர் ஒருவர், பின்சக்கரத்தில் 12 பற்சக்கரங்கள் கொண்ட புதிய கியரைப் பொருத்தியிருந்தார். மேட்டில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகையில் அவர் அமர்ந்தபடியே ஏறிச் சென்றார். என் வண்டியில் பின்னால் 9 பற்சக்கரங்களே. எனக்கும் ஆசை வந்துவிட்டது. கியர் மாற்றியையும் பற்சக்கரத் தொகுதியையும் வாங்கினேன். ஏறத்தாழ 600 ரிங்கிட்.

வீட்டில் பிரித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. புதிய தொகுதியின் மிகச் சிறிய சக்கரத்துக்கு 10 பற்கள். அவ்வளவு சிறியது பழைய வகைச் சக்கரக் குடத்தின் மேல் அமராது. ஷிமானோவின் இத்தகைய 12 பற்சக்கரத் தொகுதிகளுக்கு மைக்ரோ ஸ்பிளைன் என்னும் வேறு வகைக் குடம் வேண்டும். சங்கிலியும் மெலிந்த வகையாக இருத்தல் வேண்டும். கைப்பிடியில் உள்ள கியர் விசை அதற்குரியதாக இருத்தல் வேண்டும். முன்புறப் பற்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். ஒன்றை வாங்கியதால் ஐந்தை வாங்க நேர்ந்தது. எல்லாம் முடிந்தபோது செலவு 1,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. மனைவியிடம் பாதித் தொகையைத்தான் சொன்னேன்.

அந்த வாரங்களில்தான் மகன் ஒருமுறை, "அப்பா, என் பிரேக்கில் கீச்சென்று சத்தம் வருகிறது" என்றான். "மழையில் நனைந்திருக்கும், பிறகு பார்க்கலாம்" என்றேன். மறுவாரமும் சொன்னான். அப்போதும் நான் என் கியரைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன்.

புதிய கியருடன் சென்ற முதல் ஞாயிறு. முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. மேட்டை நான் இறங்காமலே ஏறிவிட்டேன். அந்த மகிழ்ச்சியில் மறுபுறச் சரிவில் முன்னால் இறங்கினேன். பின்னாலிருந்து இரும்போடு இரும்பு உராயும் ஓசையும், "அப்பா!" என்ற அலறலும் கேட்டன. வளைவில் அவனால் நிறுத்த இயலவில்லை. கால்வாய்க்குள் வண்டியோடு விழுந்து கிடந்தான். என் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

இடக்கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. மருத்துவமனையில் காத்திருந்தபோது அவன் மெல்லக் கேட்டான்: "அப்பா, வண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தீர்களே, உங்கள் புதிய கியருக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை விடையில்லை. அவன் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டான். என் அக்கறை எதன் மேல் இருந்தது என்பதை அவன் அவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருந்தான்.

அடுத்த நாள் அவனது வண்டியை எங்கள் ஊரில் மிதிவண்டி பழுதுபார்க்கும் சீனப் பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் பிரேக் பேடுகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். உராய்வுப் பொருள் முற்றிலும் தேய்ந்து வெறும் இரும்புத் தகடே இருந்தது. "சிக்கு, இது முப்பத்தைந்து ரிங்கிட்" என்று மலாயில் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு, "அளவுகோல் இருக்கிறதா?" என்றார். ஆசிரியர் பையில் அது இல்லாமலா? ஓர் அடி அளவுகோலை வாங்கிச் சங்கிலியின் மேல் வைத்தார். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், 24 கண்ணிகள் கடந்து வரும் ஆணியின் நடுப்பகுதி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அது ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் சங்கிலியை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் பற்சக்கரங்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். மகனின் சங்கிலி பதினாறில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது. நாள்தோறும் மாணவர்களுக்கு அளத்தல் கற்பிக்கும் நான், என் வீட்டு வண்டியை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

நம் நாள் பாடத்திட்டத்தில் குறைநீக்கல், வளப்படுத்துதல் என்று இரண்டு உண்டு. எழுத்துகளையே அடையாளம் காணாத மாணவனுக்குக் குறைநீக்கல் செய்யாமல், முன்னணி மாணவர்களுக்கு மட்டும் வளப்படுத்தும் நடவடிக்கைகளை அடுக்கினால் அது நல்ல கற்பித்தலா? பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார். இருபது ஆண்டுகளாக வகுப்பில் கடைப்பிடித்ததை வீட்டு வாசலில் மறந்துவிட்டேன்.

இந்த விளையாட்டின் வரலாறும் பிரேக்கில்தான் தொடங்குகிறது. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபேர்ஃபேக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகில், இளைஞர்கள் பழைய மிதிவண்டிகளில் மலைச்சரிவில் இறங்கும் போட்டியை நடத்தினர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் சக்கரக் குடத்துக்குள் பிடிக்கும் பிரேக்கே அவற்றில் இருந்தது. சரிவில் இறங்கி முடிப்பதற்குள் குடம் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகும். மீண்டும் நிரப்ப வேண்டும். 'மீண்டும் நிரப்புதல்' என்னும் பொருளில் அந்தச் சரிவுக்கே ரீபேக் என்று பெயர் நிலைத்துவிட்டது.

பிள்ளைகளுக்கு மலை மிதிவண்டி வாங்கும் பெற்றோருக்கும், பாகங்களை மாற்ற எண்ணும் அன்பர்களுக்கும் நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலாவது, அளவு. "வளர்ந்துவிடுவான்" என்று பெரிய வண்டியாக வாங்காதீர்கள். சட்டத்தின் இருபுறமும் காலிட்டு நிற்கையில் இரு பாதங்களும் தரையில் நன்கு படிய வேண்டும்.

இரண்டாவது, பிரேக். பேடின் உராய்வுப் பொருள் 0.5 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோவின் வழிகாட்டி. மழைச்சேற்றில் அது விரைந்து தேயும். உலோகக் கலவைப் பேடு சேற்றில் நீடித்து உழைக்கும். ஆயினும் சில வட்டுகளில் ரெசின் பேடு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பொறித்திருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். புதிய பேடு முதல் நாளே முழுப் பிடியைத் தராது. சமதரையில் பலமுறை வேகமெடுத்து, மெல்ல நிறுத்திப் பழக்கிய பிறகே சரிவுக்குச் செல்லுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் இடும்போது வட்டின் மேல் ஒரு துளியும் படக்கூடாது.

மூன்றாவது, டயர். அதன் பக்கச் சுவரில் 559, 584, 622 என்னும் எண்களில் ஒன்று இருக்கும். அவை முறையே 26, 27.5, 29 அங்குலச் சக்கரங்களைக் குறிக்கும். அந்த எண் ஒத்துப்போனால்தான் டயர் பொருந்தும்.

நான்காவது, சங்கிலி. மாதம் ஒருமுறை அளவுகோலை வையுங்கள். உரிய காலத்தில் சங்கிலியை மாற்றினால் விலை கூடிய பற்சக்கரங்கள் தப்பிக்கும்.

இவை நான்கும் செம்மையாக இருந்தால், அதன் பிறகு ஆசைப்பட்ட கியரை வாங்குங்கள். அப்போதும் குடம், சங்கிலி, விசை ஆகிய மூன்றும் பொருந்துமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மகனின் கை இப்போது நலம். மாவுக்கட்டு அவிழ்த்த பின்னரும் சில வாரங்கள் அவன் வண்டிப் பக்கமே வரவில்லை, நானும் அழைக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை அவனே வந்தான். புறப்படும் முன் குனிந்து முதலில் என் பிரேக்கைப் பார்த்தான், பிறகே தன்னுடையதை. அன்று மேட்டில் நானும் இறங்கி, அவனோடு பேசிக்கொண்டே வண்டியைத் தள்ளி நடந்தேன்.